அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர்கள்: பட்டியலை எப்படிப் படிப்பது?

2024 ஜனவரி 10 அன்று அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோர் அந்த வேலைக்கு வந்தார். எட்டு ஆண்டுக்கு 8.7 கோடி டாலர் ஒப்பந்தம். பழைய ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்க வாஷிங்டனுக்குப் போன தொகை மட்டும் சுமார் 1.2 கோடி டாலர். அடுத்த சில வாரங்களில் அலபாமாவின் முன்னணி வீரர்கள் சிலர் வேறு பல்கலைக்கழகங்களுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஒரு கல்லூரி அணியில் ஒருவர் ஓய்வு பெற்றதற்கு இவ்வளவு பணமும் பரபரப்பும் ஏன்? அன்று வந்த செய்திகளில் சேபனின் வெற்றிகள் ஓரிடத்தில் 206 என்றும் வேறோரிடத்தில் 201 என்றும் இருந்தது ஏன்? இரண்டுக்கும் விடை அந்தப் பதவியின் நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது.

ஆட்டமும் அமைப்பும்

இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர், மைதானம் 100 யார்டு நீளம். பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எதிர்முனை எல்லையைப் பந்தோடு கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. தாக்குதலுக்குத் தனி ஆட்கள், தடுப்புக்குத் தனி ஆட்கள், உதைக்கும் ஆட்டங்களுக்குத் தனி ஆட்கள் என்பதால் ஒரு கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பது சாதாரணம்.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறைப் போட்டிக்குக் கீழே தனியாக ஒரு இளையோர் அமைப்பு கிடையாது. அந்த இடத்தில் இருப்பவை கல்லூரிகள்தான். தொழில்முறை அணி எதுவும் இல்லாத அலபாமா போன்ற மாநிலத்தில் பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. டஸ்கலூசா நகரிலுள்ள அதன் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். கல்லூரி விளையாட்டு விதிகளை வகுத்துத் தண்டனை தரும் அமைப்பு என்.சி.ஏ.ஏ.; அலபாமா ஆடும் பிராந்தியக் கூட்டமைப்பு எஸ்.இ.சி.; சீசன் முடிவில் அழைப்பின் பேரில் நடப்பவை ரோஸ் பவுல், சுகர் பவுல் போன்ற பவுல் ஆட்டங்கள். இந்த மூன்று பெயர்களும் கீழே அடிக்கடி வரும்.

தலைமைப் பயிற்சியாளரின் வேலை

1. வீரர் சேர்ப்பு. 16, 17 வயதுப் பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, கையெழுத்து வாங்குவது. ஆண்டின் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது.
2. உதவியாளர்களைத் தேர்ந்தெடுப்பது. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள், அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு ஆட்ட இடத்துக்கும் ஒரு பயிற்சியாளர்.
3. உதவித்தொகைக் கணக்கு. எத்தனை பேருக்குக் கல்விச் செலவு தரலாம் என்பதற்கு 1973 முதல் தேசிய வரம்பு இருந்தது: முதலில் 105, 1978 முதல் 95, 1992 முதல் படிப்படியாகக் குறைந்து 85. யார் எந்த ஆண்டு படிப்பை முடிக்கிறார், யாருக்குக் காயம், எந்த இடத்தில் ஆள் குறைவு என்பதை மூன்றாண்டு முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.
4. ஆட்ட நாள் முடிவுகள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது இது மட்டும்தான்.
5. மேலிடத்தைச் சமாளிப்பது. பல்கலைக்கழகத் தலைவர், விளையாட்டுத் துறை இயக்குநர், அறங்காவலர்கள், நன்கொடை தரும் ஆதரவாளர்கள் என்று பல தலைகள்.

1931இல் ஃபிராங்க் தாமஸ் வேலையில் சேர்ந்தபோது பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் டென்னி அவரிடம் ஒரு கணக்குச் சொன்னதாக அலபாமாவில் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். வெற்றியில் 90 சதவீதம் வீரர்களின் தரம், 10 சதவீதம் பயிற்சி. அந்த 90ஐ நாங்கள் தருகிறோம், மீதி 10க்கு நீங்கள்தான் பொறுப்பு என்பது டென்னியின் பேச்சின் சாரம். அலபாமாவின் வரலாற்றைத் திறக்கும் சாவி இதுதான் என்று நினைக்கிறேன். அந்த 90 சதவீதத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர்கள் நிலைத்தார்கள். அதை மேலிடமோ, தண்டனையோ, மாறிய விதியோ பறித்துக்கொண்ட காலத்தில் வந்தவர்கள், திறமை இருந்தும் தடுமாறினார்கள்.

பட்டியல்

முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி, மூன்றாவது இருந்தால் சமநிலை. எல்லாம் மைதானத்தில் நடந்தபடி.

1. வாலஸ் வேட், 1923–30: 61–13–3
2. ஃபிராங்க் தாமஸ், 1931–46: 115–24–7
3. ரெட் ட்ரூ, 1947–54: 54–28–7
4. ஜே.பி. விட்வொர்த், 1955–57: 4–24–2
5. பால் 'பேர்' பிரையன்ட், 1958–82: 232–46–9
6. ரே பெர்கின்ஸ், 1983–86: 32–15–1
7. பில் கரி, 1987–89: 26–10
8. ஜீன் ஸ்டாலிங்ஸ், 1990–96: 70–16–1
9. மைக் டுபோஸ், 1997–2000: 24–23
10. டெனிஸ் ஃபிராஞ்சியோனி, 2001–02: 17–8
11. மைக் ஷூலா, 2003–06: 26–23
12. நிக் சேபன், 2007–23: 206–29
13. கேலன் டிபோர், 2024 முதல்

அணி தொடங்கியது 1892இல். வேடுக்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் பலர் ஓரிரு சீசன் இருந்துவிட்டுப் போனார்கள். 1898இலும் 1918இலும் அணியே இல்லை. அந்தக் காலத்தில் குறிப்பிட வேண்டியவர் 1919–22இல் இருந்த ஸென் ஸ்காட். 29–9–3 என்ற கணக்கோடு, 1922இல் பிலடெல்ஃபியாவுக்குப் போய்ப் பென்சில்வேனியா அணியை 9–7 என்று வென்றார். தெற்கத்திய அணிகளை யாரும் பொருட்படுத்தாத நாளில் அது பெரிய வெற்றி.

எண்கள் ஏமாற்றும் நான்கு இடங்கள்

1. சீசனின் நீளம். பிரையன்ட் 25 ஆண்டில் 287 ஆட்டங்கள். சேபன் 17 ஆண்டில் 235. சராசரி ஆண்டுக்கு 11.5க்கும் 13.8க்கும் உள்ள வித்தியாசம். வெறும் வெற்றி எண்ணிக்கையை ஒப்பிட்டால் பிந்தையவருக்குச் சாதகம், சதவீதம்தான் ஒப்பிடத்தக்கது. பிரையன்டுக்கு 82.4, சேபனுக்கு 87.7.

2. சமநிலை. கூடுதல் நேர விதி 1996 சீசனிலிருந்து வந்தபின் சமநிலை கிடையாது. அதற்கு முந்தையவற்றை அரை வெற்றியாகக் கொள்வது வழக்கம். அப்படிக் கணக்கிட்டால் வேடும் தாமஸும் ஒரே புள்ளியில் நிற்கிறார்கள்: இருவருக்கும் 81.2 சதவீதம்.

3. திருத்தப்பட்ட பதிவுகள். அதிகக் குழப்பம் இங்கேதான். விதிமீறலுக்கு என்.சி.ஏ.ஏ. தரும் தண்டனையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெற்றியைத் தோல்வியாக மாற்றுவது: உங்கள் வெற்றி எதிரணிக்குப் போய்விடும். மற்றது, வெற்றியை நீக்குவது: உங்கள் கணக்கிலிருந்து வெற்றி மறையும், ஆனால் எதிரணியின் தோல்வி அப்படியே இருக்கும்.

முதல் வகை ஸ்டாலிங்ஸுக்கு நடந்தது. ஒரு வீரர் 1992 சீசன் முடிந்ததும் ஏஜென்ட் ஒருவரிடம் கையெழுத்திட்டுவிட்டு 1993இலும் ஆடினார். அதற்காக அந்த ஆண்டின் 8 வெற்றிகளும் ஒரு சமநிலையும் தோல்வியாயின. 70–16–1 என்பது 62–25 ஆனது. 81 சதவீதம் 71க்கு இறங்கியது. வேட், தாமஸ் இருவரோடும் ஒரே வரிசையில் நின்றவர் காகிதத்தில் பல படி கீழே போனார். இரண்டாம் வகை பாடநூல் விவகாரம். உதவித்தொகையில் கிடைக்கும் பாடநூல்களை விளையாட்டு மாணவர்கள் மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுத்ததால் 2009இல் என்.சி.ஏ.ஏ. 2005 முதல் 2007 வரையிலான 21 வெற்றிகளை நீக்கியது. அதில் 16 ஷூலாவுடையவை: 26–23 என்பது 10–23. மீதி 5 சேபனுடையவை. செய்திகளில் 206, 201 என்று இரண்டு எண்கள் வந்தது இதனால்தான்.

4. தேசியப் பட்டங்கள். அலபாமா 18 பட்டங்களுக்கு உரிமை கோருகிறது: வேட் 3, தாமஸ் 2, பிரையன்ட் 6, ஸ்டாலிங்ஸ் 1, சேபன் 6. ஆனால் பட்டம் தரும் முறை பலமுறை மாறியிருக்கிறது. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசை வந்ததே 1936இல். அதற்கு முந்தையவை பலவகைக் கணிப்புகள். பிரையன்டுக்கு முந்தைய ஐந்தையும் பல்கலைக்கழகம் தன் பட்டியலில் சேர்த்ததே 1980களில்தான். அவற்றில் 1941 மிகப் பலவீனமானது: அந்த ஆண்டு அணி 9–2, ஏ.பி. தரவரிசையில் 20ஆம் இடம். 1964இலும் 1973இலும் பவுல் ஆட்டத்துக்கு முன்பே வாக்கெடுப்பு முடிந்துவிட்டதால், பட்டம் பெற்றபின் அலபாமா டெக்சஸிடமும் நோட்ரே டேமிடமும் தோற்றது. இன்று பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்று ஆட்டங்களில் ஆடி வெல்லும் பட்டத்தையும் இவற்றையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேட் காலத்துப் பட்டங்களை மட்டும் குறைத்து மதிப்பிட மாட்டேன். அன்றைக்கு வேறு வழியே இல்லை.

வேட், தாமஸ்: 90ஐ மேலிடம் தந்த காலம்

டென்னி 1912 முதல் 1936 வரை பல்கலைக்கழகத் தலைவர். மாணவர் எண்ணிக்கையைப் பெருக்க ஃபுட்பால் உதவும் என்று கண்டுகொண்டு அதில் பணம் போட்டார். வேட் வந்த மூன்றாவது ஆண்டில் தோல்வியே இல்லை. 1926 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவில் ரோஸ் பவுல். அதில் ஆடிய முதல் தெற்கத்திய அணி அலபாமாதான். இடைவேளையில் 12–0 என்று பின்தங்கியிருந்த அணி ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவதில் மட்டும் 20 புள்ளி எடுத்து வாஷிங்டனை 20–19 என்று வென்றது.

பிறகு 5–4–1, 6–3, 6–3 என்று மூன்று நடுத்தர ஆண்டுகள். விமர்சனம் எழுந்தது. 1930 சீசன் தொடங்குவதற்கு முன்பே வேட் விலகலைக் கொடுத்துவிட்டு, அந்த சீசனை 10–0 என்று முடித்து டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்த வேலையில் மூன்று சுமாரான ஆண்டுகளுக்குப் பொறுமை கிடையாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தாமஸ் நோட்ரே டேமில் புகழ்பெற்ற பயிற்சியாளர் நூட் ராக்னியிடம் ஆடியவர். வேடே அவரைப் பரிந்துரைத்தார். உச்சம் 1934: டிக்சி ஹவெல் எறிய, டான் ஹட்சன் பிடிக்க, ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபர்டை 29–13 என்று வென்றார்கள். அந்த அணியின் இன்னொரு முனையில் ஆடியவர் ஆர்கன்சாவிலிருந்து வந்த பால் பிரையன்ட். போரினால் 1943இல் அணி இல்லை. தாமஸுக்கு இரத்த அழுத்தம் முற்றி, 1946இல் வண்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சி நடத்தும் நிலை வந்தது. அதோடு விலகினார்.

விட்வொர்த்: எல்லாம் தவறிய மூன்று ஆண்டுகள்

30 ஆட்டத்தில் 4 வெற்றி. 1955இல் 0–10. எளிதாகத் 'திறமையற்றவர்' என்று எழுதிவிடலாம். ஆனால் விட்வொர்த் வேடிடம் ஆடி, 1931 ரோஸ் பவுலில் கோல் உதைத்தவர். ஆட்டம் தெரியாதவர் அல்ல. அவருக்குக் கிடைக்காதது அதிகாரம். முந்தையவரின் உதவியாளர்களில் பெரும்பாலோரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே குறிப்பிட்ட ஐந்து வேலைகளில் இரண்டாவது கைவிட்டுப் போனால் முதலாவதும் போகும்: வீரர்களின் வீடுகளுக்குப் போகிறவர்கள் உதவியாளர்கள்தான், அவர்கள் இவருடைய ஆட்கள் அல்ல. 1957 கடைசி ஆட்டத்தில் மாநிலத்தின் மற்ற பெரிய பல்கலைக்கழகமான ஆபர்னிடம் 40–0 தோல்வி. அந்த ஆண்டின் தேசியப் பட்டமும் ஆபர்னுக்கு.

ஆபர்னோடு நடக்கும் அந்த ஆண்டு ஆட்டத்தின் பெயர் அயர்ன் பவுல். அலபாமாவில் ஒரு பயிற்சியாளரின் ஆயுள் பாதி இந்த ஓர் ஆட்டத்தில் தீர்மானமாகிறது. விட்வொர்த் மூன்றிலும் தோற்றார். பில் கரியும் மூன்றிலும். ஷூலா நான்கிலும்.

பிரையன்ட்: அதிகாரம் ஒரே கையில்

பிரையன்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து வரும்போது விட்வொர்த்துக்குக் கிடைக்காததைக் கேட்டு வாங்கினார்: பத்தாண்டு ஒப்பந்தம், தலைமைப் பயிற்சியாளர் பதவியோடு விளையாட்டுத் துறை இயக்குநர் பதவியும். அவருக்கு மேலே விளையாட்டுத் துறையில் யாருமில்லை. முதல் ஆண்டு 5–4–1. நான்காவது ஆண்டு, 1961இல், 11–0. அந்த சீசன் முழுவதும் எதிரணிகள் எடுத்த மொத்தப் புள்ளி 25.

அந்தக் காலத்தில் உதவித்தொகைக்குத் தேசிய வரம்பு இல்லை. தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்து, கடும் பயிற்சியில் தாக்குப்பிடிப்பவர்களை வைத்துக்கொள்ளும் முறை அதனால்தான் சாத்தியமாயிற்று. 90 சதவீதம் கிட்டத்தட்ட முழுமையாக அவர் கையில்.

ஆனால் அந்த 90இல் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாநிலத்தின் கறுப்பின வீரர்களுக்கு அணியில் இடமில்லை. 1963இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்களைத் தடுக்க வாசலில் நின்றது இதே பல்கலைக்கழகத்தில்தான். 1969இல் கறுப்பின மாணவர் சங்கம் பிரையன்ட் மீது வழக்கே தொடுத்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அணி ஆறு ஆறு வெற்றிகளோடு நின்றது. 1970 செப்டம்பரில் பர்மிங்ஹாமில் தெற்கு கலிபோர்னியா 42–21 என்று அடித்தது. அவர்களின் கறுப்பின ஓட்டக்காரர் சாம் கன்னிங்ஹாம் அலபாமாவைச் சிதறடித்தார். அந்த ஓர் ஆட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்வது வழக்கம். அது சரியல்ல. முதல் கறுப்பின உதவித்தொகை வீரர் வில்பர் ஜாக்சன் அதற்கு முன்பே சேர்க்கப்பட்டுவிட்டார்; முதலாண்டு மாணவர்கள் ஆடக்கூடாது என்ற அன்றைய விதியால் களமிறங்கவில்லை. 1971இல் முதலில் ஆடியவர் ஜான் மிட்செல். பிரையன்டின் செல்வாக்குக்கு இது பல ஆண்டு முன்பே நடந்திருக்க முடியும். தாமதத்துக்கு அவரும் பொறுப்பு.

அதே 1971இல் ஆட்ட முறையையும் மாற்றினார். டெக்சஸ் பயிற்சியாளர் டேரல் ராயலிடம் கற்றுவந்த விஷ்போன் முறை அது. பந்தை முதலில் கையில் வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்கள். ஓடிக்கொண்டே முதலாமவரிடம் பந்தைக் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா, பக்கவாட்டில் எறிவதா என்று குவார்ட்டர்பேக் அந்த நொடியில் முடிவெடுப்பார். அபூர்வமான எறியும் திறமை தேவையில்லை, விரைவான ஓட்டக்காரர்கள் நிறைய வேண்டும். அலபாமாவிடம் அவர்கள் இருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே லாஸ் ஏஞ்சலஸில் தெற்கு கலிபோர்னியாவை 17–10 என்று வென்றார்கள். 1971 முதல் 1979 வரை ஒன்பது ஆண்டில் எட்டு எஸ்.இ.சி. பட்டங்கள்.

வரம்பு 105இலிருந்து 95க்கு இறங்கியபின் மிச்ச வீரர்கள் மற்ற பல்கலைக்கழகங்களுக்குப் பரவினார்கள். கடைசி சீசன் 8–4. 1982 டிசம்பர் 29 அன்று லிபர்ட்டி பவுலில் இலினாயை வென்று ஓய்வு பெற்றார். 1983 ஜனவரி 26 அன்று காலமானார்.

1983 முதல் 2006 வரை: வாரிசு தேடிய காலம்

இந்த 24 ஆண்டும் ஆள் தேர்வில் ஒரு கேள்வி முன்னே நின்றது: இவர் பிரையன்டின் ஆளா?

பெர்கின்ஸ் பிரையன்டிடம் ஆடியவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியாளராக இருந்தவர். விஷ்போனைக் கைவிட்டு எறிதல் ஆட்டத்துக்கு மாறினார். பயிற்சி மைதானத்தில் பிரையன்ட் நின்று பார்த்த கோபுரத்தையும் அகற்றினார். முறை மாற்றம் சரியான முடிவுதான். ஆனால் ஓட்டத்துக்காகச் சேர்த்த வீரர்களை வைத்து எறிதல் ஆட்டம் ஆட முடியாது. மாற்ற மூன்று நான்கு ஆண்டுச் சேர்ப்பு வேண்டும். இடையில் 1984இல் 5–6, 1957க்குப் பிறகு முதல்முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம். 1986இல் 10 வெற்றியோடு நிமிர்ந்ததும் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்.

கரிக்கு அலபாமா உறவே இல்லை. ஜார்ஜியா டெக்கில் ஆடியவர், பயிற்சியளித்தவர். அவரைக் கொண்டுவந்தவர் பல்கலைக்கழகத் தலைவர். 72 சதவீத வெற்றி, பெர்கின்ஸைவிட அதிகம். 1988இல் ஒரு தோல்விக்குப் பின் அவருடைய அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. 1989இல் 10–0 என்று இருந்த அணி ஆபர்னிடம் 30–20 என்று தோற்றது. எஸ்.இ.சி. பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அதே சீசன் முடிவில் அவர் கென்டக்கிக்குப் போனார். இந்தப் பட்டியலில் அநியாயமாக நடத்தப்பட்டவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் கரியைத்தான் சொல்வேன்.

ஸ்டாலிங்ஸ் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பிரையன்டிடம் ஆடி, அலபாமாவில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றுத் தொடங்கினார். 1992இல் 13–0, சுகர் பவுலில் மயாமியை 34–13 என்று வென்று பட்டம். தடுப்பாட்டத்தை நம்பிய பழைய பாணிதான், ஆனால் ஆட்களை அதற்கேற்பவே சேர்த்தார்.

அதற்குப் பிறகு சரிவு. டுபோஸ் கல்லூரி அணி எதற்கும் தலைமை தாங்காதவர். 1999இல் எஸ்.இ.சி. பட்டம், 2000இல் தேசத்தில் மூன்றாமிடம் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கி 3–8. வீரர் சேர்ப்பில் ஆதரவாளர்களின் பணம் புகுந்த விவகாரத்தில் 2002 பிப்ரவரியில் என்.சி.ஏ.ஏ. தண்டனை வந்தது: இரண்டு ஆண்டு பவுல் தடை, ஐந்து ஆண்டு கண்காணிப்பு, மூன்று ஆண்டில் 21 உதவித்தொகைகள் குறைப்பு. மூன்றாவதுதான் உயிரை எடுப்பது. பவுல் தடை முடிந்ததும் மறக்கப்படும். 21 பேர் குறைந்தால் அடுத்த நான்கைந்து ஆண்டுக்கு மாற்று ஆட்கள் இருக்க மாட்டார்கள், சீசனின் பிற்பாதியில் காயங்கள் சேரும்போது அணி உடையும்.

அந்த நிலைமையிலும் 2002இல் 10–3 என்று முடித்த ஃபிராஞ்சியோனி உடனே டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குப் போய்விட்டார். அடுத்து வந்த மைக் பிரைஸ் ஓர் ஆட்டம்கூட நடத்துவதற்கு முன்பு, 2003 மே மாதம், நடத்தைக் காரணத்தால் நீக்கப்பட்டார். சீசனுக்கு நான்கு மாதமே இருக்கையில் அவசரமாக அழைக்கப்பட்டவர் ஷூலா: அலபாமாவின் முன்னாள் குவார்ட்டர்பேக், தலைமை அனுபவம் இல்லாதவர், குறைக்கப்பட்ட உதவித்தொகைகள். 26–23 என்ற கணக்கை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும்.

சேபன்: மீண்டும் முழுக் கட்டுப்பாடு

2006 டிசம்பரில் அலபாமா முதலில் அணுகிய ரிச் ரோட்ரிகஸ் மறுத்துவிட்டார். மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்த சேபன், நான் அலபாமா பயிற்சியாளராகப் போவதில்லை என்று டிசம்பர் 21 அன்று பகிரங்கமாகச் சொன்னார். ஜனவரி 3 அன்று சேர்ந்தார். எட்டு ஆண்டு, 3.2 கோடி டாலர். அன்றைக்கு அது அதிர்ச்சி தந்த தொகை. ஆனால் அவர் வாங்கியதில் பணத்தைவிட முக்கியமானது அணி நிர்வாகத்தின் முழுப் பொறுப்பு.

முதல் ஆண்டு 7–6. லூசியானா–மன்றோ என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம்கூட 21–14 தோல்வி. 2008 பிப்ரவரியில் சேர்த்த ஒரே தொகுதியில் ஹூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், டான்டே ஹைடவர், மார்செல் டேரியஸ். 2009இல் 14–0, தேசியப் பட்டம். இங்ரமுக்கு நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது, அலபாமாவுக்கு அதுவே முதல் முறை.

அவருடைய முறையில் மூன்று அம்சங்கள்:

1. ஒவ்வோர் ஆட்ட இடத்துக்கும் உயரம், எடை, வேகத்துக்குத் திட்ட அளவு வைத்து, அதற்குப் பொருந்துபவர்களையே தேடுவது.
2. அன்று களப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. ஆய்வாளர்கள் என்ற பெயரில் பின்னணியில் வேலை செய்பவர்களுக்கு இருக்கவில்லை. வேறிடங்களில் வேலை இழந்த தலைமைப் பயிற்சியாளர்களை அந்த இடங்களில் சேர்த்தார். இன்று டெக்சஸுக்குத் தலைமை தாங்கும் ஸ்டீவ் சார்க்கீசியன் 2016இல் அப்படி வந்தவர்.
3. தன் ஆட்ட முறையைத் தானே கைவிடும் துணிவு. தடுப்பையும் ஓட்டத்தையும் நம்பியவர், 2014இல் தாக்குதல் பொறுப்பாளராக லேன் கிஃபினைக் கொண்டுவந்து வேகமான, பரவலான எறிதல் ஆட்டத்துக்கு மாறினார். 1971இல் பிரையன்ட் செய்த அதே காரியம், எதிர்த் திசையில்.

டிபோர்: 90 சதவீதம் சந்தைக்குப் போன காலம்

அலபாமாவோடும் தெற்கோடும் டிபோருக்கு முன்தொடர்பு மிகக் குறைவு. அவர் தெற்கு டகோட்டாக்காரர். சூ ஃபால்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 67–3, ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் 12–6, வாஷிங்டனில் 25–3. முதல் ஆண்டு 9–4. 1984க்குப் பிறகு அலபாமாவை வெல்லாத வேண்டர்பில்ட்டிடம் 40–35 தோல்வி. கையில் வந்த வேலையோ சேபன் பார்த்த வேலை அல்ல.

1. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021 முதல் ஓராண்டு காத்திருக்காமலே வீரர்கள் இடம் மாறலாம். பயிற்சியாளர் மாறினால் 30 நாள் வாசல் திறக்கும் என்பது 2024இல் இருந்த விதி. அந்த வாசல் வழியாகத்தான் கேலப் டவுன்ஸ், ஜூலியன் சாயின் இருவரும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும், ஐசையா பாண்ட் டெக்சஸுக்கும் போனார்கள்.
2. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் ஈட்டலாம்.
3. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்: முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர் வரை. 85 என்ற உதவித்தொகை வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

பிரையன்ட் ஆளைச் சேர்த்தால் ஆள் நான்கு ஆண்டு இருந்தார். சேபனும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் அணியைக் கட்டினார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வீரரையும் புதிதாக வெல்ல வேண்டும், விலை பேச வேண்டும். ஒருவரால் முடிகிற வேலையாக அது இல்லை. அதனால் டிபோர் வாஷிங்டனிலிருந்து தன்னோடு கோர்ட்னி மார்கன் என்பவரை அழைத்து வந்தார். அவருக்குத் தொழில்முறை அணிகளில் இருப்பது போன்ற பொது மேலாளர் பதவி. டென்னி கையில் இருந்து, பிரையன்டும் சேபனும் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்ட அந்த 90 சதவீதத்தைக் கவனிக்க அலபாமாவில் இப்போது தனி அலுவலகம் இருக்கிறது.